இறங்கியவர்க்கு என்ன பங்கு?
நயினை நாகபூசணி அம்மன் கோயிலும் அதன் துறையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். பேச்சில் வந்த கிளைக்கதைகள் சில குறைக்கப்பட்டுள்ளன. அவையை நோக்கிய முன்னிலை அப்படியே விடப்பட்டுள்ளது.)



அழைப்பிதழில் என் பேச்சின் தலைப்பு 'நயினை நாகபூசணி அம்மன் கோயில்: வரலாறும் மகிமையும்' என்று இருக்கிறது. மகிமை சொல்லும் தகுதி எனக்கில்லை. தோளில் பிள்ளையும் கையில் அருச்சனைத் தட்டுமாக ஆனி வெயிலில் நிற்கும் தாய்மாரிடம் அதைக் கேட்பதே முறை. வரலாற்றைச் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. தலவரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியாகத்தான் கோயிலுக்குள் போகிறார்கள். இராசகோபுரத்தில் தொடங்கி, வசந்தமண்டபம் கடந்து, மூலஸ்தானத்தில் போய் நின்றுவிடுவார்கள். நயினை என்கிற நயினாதீவுக்கு அந்த வழி சரிவராது. அந்தக் கோயில் கோபுர வாசலில் தொடங்கவில்லை, எதிர்க்கரையில் வள்ளம் ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் தொடங்குகிறது.

சிறுவயதில் என் அப்பாச்சியோடு போன ஞாபகம். பண்ணைப் பாலம், வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு என்று பஸ் குலுக்கிக்கொண்டு போய்ச் சேரும்போதே பாதிப்பேருக்குத் தலை சுற்றிவிடும். பிறகு மோட்டர் வள்ளம். ஏறினால் கீழ்த்தட்டில் குனிந்து போய் உட்கார வேண்டும். டீசல் புகையும் கற்பூர வாசனையும் மல்லிகைப்பூவும் ஒன்றாய்க் கலந்து வரும். சோளகக் காற்றில் வள்ளம் பக்கவாட்டில் சரிந்து, பலகை இடுக்கால் தண்ணீர் அடித்தபோது நான் அழுதேன். அப்பாச்சி என் தலையைப் பிடித்துத் திருப்பி, "தண்ணியைப் பாராதை, கோபுரத்தைப் பார்" என்றா. அவ பக்தியில் சொன்னா என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது கடலோடிகள் சொல்லும் புத்தி என்று பிற்காலத்தில்தான் விளங்கியது. கண்ணை அசையாத ஒன்றில் நிறுத்தினால் வயிறு புரட்டாது.

அன்றைய அந்த ஒரு சொல்லிலிருந்துதான் இன்றைய பேச்சு வருகிறது. நாகபூசணி ஒரு துறைத் தெய்வம் என்பது என் கட்சி. கடல் கடந்து வந்து கரையிறங்கும் அந்நியனுக்குக் கரையில் இருப்பவன் என்ன கடன்பட்டிருக்கிறான் என்ற கேள்வியைச் சுற்றியே அந்தக் கோயிலின் கதையும் கல்லும் சோறும் சேர்ந்து கிடக்கின்றன. இதை ஆறு குறிப்புகளாகச் சொல்கிறேன். எல்லாம் ஒரே நீளத்தில் இராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. பெயர் தீவைவிடப் பெரிது

நாகதீபம், நாகதீவு என்ற பெயர்களைக் கேட்டதும் நாம் உடனே நயினாதீவை நினைக்கிறோம். ஆனால் 1936 இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் அமைச்சன் ஒருவன் ஆண்ட நிலப்பகுதியையே 'நகதிவ' என்கிறது. அது ஒரு சின்னத் தீவின் பெயராக இருக்க முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டை உள்ளடக்கிய வடபகுதியின் பெயர் அது. மகாவம்சத்தில் மணி அரியணைக்காக மகோதரன், சூளோதரன் என்ற நாக அரசர் இருவர், மாமனும் மருமகனும், சண்டையிட்டதும் புத்தர் வந்து சமாதானம் செய்ததும் இந்த நாகதீபத்தில்தான் நடக்கின்றன.

வடபகுதி முழுவதற்கும் உரிய பெயர் காலப்போக்கில் சுருங்கிச் சுருங்கி ஒரு சின்னத் தீவில் போய் ஒட்டிக்கொண்டது. ஏன் இந்தத் தீவில்? மண்ணில் விளைச்சல் பெரிதில்லை. குடிதண்ணீருக்கும் கஷ்டம். ஆனாலும் ஊர்காவற்றுறைக்குப் போகும் கடல்வழியின் பக்கத்தில் இருக்கிறது. வழிப்போக்கர் கண்ணில் படும் இடம் பெயரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இதற்குமேல் பெயரோடு மல்லுக்கட்ட நான் விரும்பவில்லை.

2. விட்டுப்போன கப்பல்

மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் நயினாதீவே என்று துணிந்தவர்கள் உண்டு. முதலியார் இராசநாயகம் 1926 இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில் யாழ்ப்பாணப் பழமையைப் பேசத் தொடங்கியதிலிருந்து இந்த வாதம் நடக்கிறது. மறுத்தவர்களும் உண்டு. நான் அந்த வழக்குக்குள் இறங்கப் போவதில்லை. காப்பியத்தில் மணிபல்லவம் எப்படிப்பட்ட இடமாக வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆபுத்திரன் கதையை மாணவர்கள் பாடசாலையில் படித்திருப்பீர்கள். பரீட்சைக்கு 'அமுதசுரபி' என்ற சொல்லை மட்டும் மனனம் செய்துவிட்டு விட்டிருப்பீர்கள். கதையின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் ஆபுத்திரன் கையில் இருக்கிறது. மதுரையில் மழை பெய்து வளம் வந்தபின் அவனிடம் சோறு கேட்க ஆளில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். காற்று மாறியதால் கப்பல் மணிபல்லவத்தில் ஒதுங்குகிறது. அவன் கரையிறங்குகிறான். காற்றுச் சரியானதும், அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் இரவோடு இரவாகப் பாய் விரித்துப் போய்விடுகிறது. ஊட்டும் பாத்திரம் கையில் இருக்கிறது, உண்ண ஒருவரும் இல்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் கிடந்து உயிர்விடுகிறான்.

தமிழில் தனிமையைச் சொன்ன கதைகளில் இதற்கு இணையாக எனக்கு அதிகம் தெரியாது. தன் பசிக்கு அந்தப் பாத்திரத்தை அவன் பயன்படுத்தவில்லை என்பதைப் பாருங்கள். சோறு என்பது இன்னொருவர் இருந்தால்தான் சோறு.

அதே தீவில் இன்னொரு கப்பலும் வருகிறது. நாகநாட்டு இளவரசி பீலிவளை, சோழனுக்குப் பெற்ற பிள்ளையைக் கம்பளச் செட்டி என்ற வணிகனின் கப்பலில் ஏற்றி அனுப்புகிறாள். கப்பல் உடைகிறது. பிள்ளையைக் காணோம். மகனைத் தேடி அலைந்த அரசன் இந்திரவிழாவை மறக்கிறான், புகாரைக் கடல் கொள்கிறது. ஒரு தீவு, அதில் காற்றுக்கு ஒதுங்கும் கப்பல், இறங்கிக் கைவிடப்பட்டவன், உடைந்த கலம், நாகர் மகள், பசி. மணிபல்லவம் எங்கே இருந்தாலும் இருக்கட்டும், நயினாதீவுக் கோயிலின் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் வந்துவிட்டன.

3. கல் பேசுவது கப்பலைப் பற்றி

இனி நிச்சயமான தரைக்கு வருவோம். நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தமிழில் வெட்டியது, முடிவில் வடமொழி. வெட்டுவித்தவன் பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. அவன் காலம் 1153 முதல் 1186 வரை. தொடக்கப் பகுதி சிதைந்துபோன இந்தக் கல்லைப் பேராசிரியர் கா. இந்திரபாலா படித்து 1963 இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார்.

கோயிலுக்குப் போகிறவர்களிடம் அங்கே அரசன் வெட்டுவித்த கல் இருக்கிறது என்றால், அம்மனுக்குக் கொடுத்த நிலம், விளக்கெரிக்கக் கொடுத்த ஆடு, பொற்காசு என்று எதிர்பார்ப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கல்லின் பேச்சு முழுவதும் கப்பலைப் பற்றியது. அதன் சாரத்தை என் சொல்லில் தருகிறேன். பரதேசிகள், அதாவது பிறநாட்டு வணிகர், ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும்; இறங்கியவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும்; பல துறைகளிலும் திரியும் பரதேசிகள் நம் துறைக்கு வந்து கூட வேண்டும். யானையும் குதிரையும் நமக்கு விருப்பமானவை. அவற்றைக் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. இந்த ஏற்பாட்டைக் கல்லிலும் செம்பிலும் வெட்டச் சொன்னோம்.

ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. போர்த்துக்கேயர் தம் மொழியில் துறைமேடையைக் குறிக்கும் சொல்லால் அதை அழைத்தார்கள், அதுதான் கைற்ஸ்.

இந்த ஏற்பாட்டைப் பார்த்து, 'உடைந்த கப்பலில் அரசனுக்குப் பாதியா? இது கொள்ளையல்லவா?' என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைய கடற்கரை வழக்கம் தெரிந்தால் அந்தப் பாதி சலுகையாகத் தெரியும். கரையொதுங்கியது கரைக்காரனுக்கு என்பதே பல நாடுகளில் நடைமுறை. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறையில் காகதீய அரசன் கணபதி தேவன் 1244 அளவில் ஓர் அபய சாசனம் வெட்டுவித்தான். முன்னைய அரசர்கள், புயலில் அடித்து வந்து கரைதட்டிய கப்பல்களின் யானை, குதிரை, பொருள் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். நாம் உயிரினும் பொருள் பெரிதென்று கடலில் இறங்கியவர்மேல் இரக்கம் கொண்டு தீர்வையை மட்டும் வாங்குவோம் என்பது அதன் கருத்து. ஐரோப்பாவிலும் இதே தொல்லை. 1179 இல் ரோமில் கூடிய லாத்தரன் திருச்சங்கம், கப்பல் உடைந்து தவிக்கும் கிறிஸ்தவரின் பொருளைப் பறிப்பவரைச் சபையிலிருந்து விலக்க வேண்டிய நிலைக்கு வந்தது. அப்போது பொலனறுவையில் அரசிருந்தவன் நம் பராக்கிரமபாகு. மத்தியதரைக் கடலிலும் பாக்குநீரிணையிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே வழக்கு: உடைந்த கப்பல் யாருடையது?

பராக்கிரமபாகுவைப் புண்ணியவானாக்குவது என் நோக்கமில்லை. திருவாலங்காட்டில் உள்ள சோழக் கல்வெட்டு, இதே அரசன் ஊராத்துறை, மாதோட்டம் முதலிய துறைகளில் படை நிறுத்திக் கப்பல் கட்டுவித்ததையும், சோழர் படை வந்து அந்த ஊர்களை அழித்து யானைகளைப் பிடித்துச் சென்றதையும் சொல்கிறது. போருக்கும் வியாபாரத்துக்கும் ஒரே துறைதான். யானைக்கும் குதிரைக்கும் முக்கால் பங்கைத் திருப்பிக்கொடுக்க அவன் சம்மதித்ததில் இரக்கத்தைவிட இராணுவக் கணக்கே அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

எப்படியானாலும், அந்நியனின் உடைந்த பொருளில் அவனுக்கு உரிமை உண்டு என்று எழுதிய கல் இது. ஊராத்துறைக்கான கட்டளை நயினாதீவில், அதுவும் அம்மன் கோயிலில், இன்றுவரை இருக்கிறது. தன்னைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத கல்லை ஒரு கோயில் இத்தனை காலம் வைத்திருக்கிறது. வேறு ஊராக இருந்தால் துணி துவைக்கிற கல்லாகப் போயிருக்கும்.

4. பாம்பு, கருடன், வணிகன்

கோயிலின் ஐதிகத்தை எல்லோரும் அறிவீர்கள். பக்கத்துப் புளியந்தீவிலிருந்து ஒரு நாகம் வாயில் பூவைக் கவ்விக்கொண்டு நீந்தி வந்து நாள்தோறும் அம்மனை வழிபடுகிறது. ஒருநாள் கருடன் அதைக் கொத்தப் பாய்கிறது. நாகம் கடலில் தலைநீட்டிய ஒரு கல்லைச் சுற்றிக்கொள்கிறது; எதிர்க்கல்லில் கருடன் காத்திருக்கிறது. அவ்வழியே கப்பலில் வந்த வணிகன் ஒருவன் நாகத்தை விட்டுவிடும்படி இரக்கிறான். அப்படியானால் உன் பொருளை அம்மனுக்குக் கொடு என்கிறது கருடன். அவன் கொடுக்கிறான், கோயில் எழுகிறது. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று இரண்டு கற்களை இன்றும் கடலில் காட்டுவார்கள்.

பக்திக்கதையாக இதைக் கேட்கும்போது நாகம்தான் கதாநாயகன். கல்வெட்டைப் படித்துவிட்டு வந்து கேட்டால் வணிகன் முன்னால் வந்து நிற்கிறான். கதையில் நடப்பதும் ஒரு பங்கு பிரிப்புத்தான்: சரக்கு எவ்வளவு, உயிர் எவ்வளவு? கல்லில் அரசன் அந்நியனின் பொருளில் பாதியை விட்டுக்கொடுக்கிறான். கதையில் அந்நியன் முழுவதையும் விட்டுக்கொடுக்கிறான், அதுவும் தனக்கு ஒன்றுமில்லாத ஒரு பாம்புக்காக. கடலில் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கும் அந்த நாகத்தை நான் நினைக்கும்போதெல்லாம் கப்பல் உடைந்து பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும் மனிதன்தான் என் கண்ணுக்குத் தெரிகிறான். இது என் கற்பனை என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நாகமும் கப்பலும் சேர்ந்து வருவது இங்கே மட்டுமில்லை. வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் நாகதம்பிரானுக்குக் கப்பல் திருவிழா என்றே ஒன்று நடக்கிறது. வெள்ளைக்காரர் ஊர்ப் பிள்ளைகளைப் பிடித்துக் கப்பலில் ஏற்ற, தம்பிரான் பாம்பாகக் கப்பலில் தோன்றி மீட்டார் என்பது அதன் கதை. மதுரையை எரித்த கண்ணகி ஐந்தலை நாகமாகி இலங்கைக்கு வந்தாள் என்றொரு வாய்மொழிக் கதையும் உண்டு. அவள் முதலில் கரையேறுவது நயினாதீவில். அங்கிருந்து வட்டுக்கோட்டை, சீரணி, அளவெட்டி, சுதுமலை, நாகர்கோவில், புளியம்பொக்கணை என்று ஊர்ந்து வற்றாப்பளையில் போய்ச் சேருகிறாள். இந்த வரிசை ஊருக்கு ஊர் மாறும். தன் ஊர்ப் பெயரை நடுவில் செருகாத கதைசொல்லி கிடையாது. தொடங்கும் துறை மட்டும் மாறுவதில்லை.

வல்வெட்டித்துறைக்காரர் இந்த அவையில் இருந்தால் கோபிப்பார்கள், அவர்களையும் சொல்லிவிடுகிறேன். கடலோடிகளின் ஊரான அங்கே முத்துமாரி அம்மனுக்குச் சித்திரைப் பௌர்ணமியில் நடப்பதற்குப் பெயர் இந்திரவிழா. புகாரில் அரசன் மறந்ததை வல்வெட்டித்துறை மறக்கவில்லை. அந்த ஊரில் கட்டிய பாய்க்கப்பல் ஒன்று 1938 ஓகஸ்டில் அத்திலாந்திக் கடந்து அமெரிக்காவின் கிளவுஸ்டர் துறையை அடைந்தது. அதை வாங்கிய அமெரிக்கர் பெயரை மாற்றிவிட்டார்; வல்வையில் அதன் பெயர் அன்னபூரணி. சோறு போடுகிற அம்மனின் பெயரைக் கப்பலுக்கு வைத்தார்கள்.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். அண்மைக் காலத்தில் நயினையை அகில இந்திய சக்தி பீடங்களின் வரிசையில் சேர்த்து, சதிதேவியின் சிலம்பு விழுந்த இடம் என்று சொல்வது பெருகிவிட்டது. பீட வரிசைகள் நூலுக்கு நூல் வேறுபடும். பதினெட்டுப் பீடங்களைச் சொல்லும் வரிசையில் இலங்கைக்கு வரும் சங்கரி தேவியைத் திருகோணமலையோடு சேர்த்துச் சொல்வதே பெருவழக்கு. நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் வானத்திலிருந்து விழுந்த கோயில் என்று சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து, கடலிலிருந்து ஏறிவந்த கதையைச் சொல்வது குறைந்துகொண்டு வருகிறது. எனக்கு அதுதான் கவலை.

5. இடித்தவர்களும் கடல்வழியே வந்தார்கள்

1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமானது. அடுத்த சில ஆண்டுகளில் நல்லூர் தொடங்கிக் குடாநாட்டுக் கோயில்கள் இடிந்தன, நயினைக் கோயிலும் போயிற்று. 1658 இல் வந்த ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்வ்ற் ஆனது, வேலணை லெய்டன் ஆனது. நயினாதீவுக்குக் கிடைத்த பெயர் ஹார்லெம். டெல்வ்ற் மட்டும் இன்னும் வாயில் இருக்கிறது. ஹார்லெம் என்றால் நயினாதீவாருக்கே தெரியாது. நாகம் அந்தப் பெயரை ஏற்கவில்லை என்று ஒரு நண்பர் சொல்லிச் சிரிப்பார்.

கோயில் மீண்டும் எழுந்தது 1788 அளவில். அப்போதும் ஆட்சியில் இருந்தவர்கள் ஒல்லாந்தர்தான், 1795 இல்தான் ஆங்கிலேயர் வந்தார்கள். இதைச் சிலர் கவனிப்பதில்லை. ஒல்லாந்தரின் கடைசிக் காலத்தில் பிடி தளர்ந்தது உண்மை. துறைக்கு அப்பால் கடலுக்குள் இருந்த தீவில் கண்காணிப்பு இன்னும் தளர்ந்திருக்கும். கடல் கோயிலை இடிப்பவரைக் கொண்டுவந்தது; பின்பு கட்டுகிறவர்களுக்கு மறைப்பாகவும் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டை விரைவாகக் கடக்கத்தான் மனம் வருகிறது. ஆனால் என் கட்சிக்கு மாறான சாட்சியம் அங்கேதான் இருக்கிறது, அதை மறைத்தால் நான் வரலாற்று மாணவன் அல்லன். கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நாகவிகாரை இருக்கிறது. 1958 இல் தென்னிலங்கையில் தமிழர்மேல் வன்செயல் மூண்டபோது, அதற்குப் பழியாக இங்கே விகாரை சேதப்படுத்தப்பட்டது. அதே ஆண்டில் அம்மன் கோயிலும் தாக்கப்பட்டது. 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், குழந்தைகள் உட்பட. 1986 மார்ச்சில் கோயில் மறுபடியும் தாக்கப்பட்டது. இறங்கியவனுக்குப் பாதுகாப்பு என்று எழுதிய கல் அங்கேயே இருந்தது. கல்லால் என்ன செய்ய முடியும்?

போர் முடிந்தபின் திருப்பணி நடந்து புதிய இராசகோபுரத்தோடு 2012 சனவரியில் கும்பாபிஷேகம் ஆயிற்று. இன்று குறிகட்டுவானில் ஏறியதும் செம்மஞ்சள் நிற மிதவைச் சட்டையைத் தருகிறார்கள். சாமி கும்பிடப் போகும் பட்டுவேட்டிக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு எல்லோரும் ஒரே கோலத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சிரிப்பு வரும். கோயிலுக்குப் போகிறவர்களும் விகாரைக்குப் போகிறவர்களும் அதே வள்ளத்தில், அதே கீழ்த்தட்டில்தான்.

இவ்விடத்தில் திருவிழாக் காலத்தைப் பற்றியும் ஒன்று. கோயிலின் மகோற்சவம் ஆனியில். யாழ்ப்பாணத்தார் அறிவார்கள், அது சோளகம் முழுமூச்சாய் வீசும் காலம். கடல் தயிர்போல் கிடக்கும் பங்குனி, சித்திரையை விட்டுவிட்டு அலை எழும் மாதத்தில் கொடியேற்றுகிறார்கள். ஆகமம் வகுத்தோர் இதற்கு வேறு காரணம் சொல்லக்கூடும். எனக்கு, கடலைக் கடப்பதே நேர்த்தியின் ஒரு பகுதியாக இருந்தது என்று தோன்றுகிறது. காவடிக்காரனுக்கு முள்ளு எப்படியோ, நயினைக்குப் போகிறவனுக்கு அந்தக் காற்று அப்படி.

6. சோறு

கடைசிக் குறிப்பு. கோயிலில் அன்னதானம் நடத்தும் சபைக்கு அமுதசுரபி என்று பெயர். மணிபல்லவ வாதத்தில் யார் வென்றாலும் தோற்றாலும், ஊரார் அந்தப் பெயரை எடுத்து அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். ஆராய்ச்சியாளர் ஒரு நூற்றாண்டாக எழுதியதைவிட இது வலுவான உரை. கைவிடப்பட்ட தீவில் உண்ண ஆளில்லாமல் மாண்டவனின் பாத்திரம் அது. இன்று நாள்தோறும் வள்ளம் வள்ளமாக ஆள் வந்து இறங்கும் தீவில் அந்தப் பெயரில் பந்தி வைக்கிறார்கள்.

பெருமைப்பட இடமுண்டு. வெட்கப்படவும் இடமுண்டு. யாழ்ப்பாணத்துக் கோயில்கள் பலவற்றில் பிறப்பைச் சொல்லி ஆட்களை வெளிவீதியில் நிறுத்திய காலம் அவ்வளவு தூரத்தில் இல்லை. மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968 இல். அதைக் கண்ணால் கண்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும். கடல் கடந்து வரும் பரதேசிக்கு உரிமை எழுதிவைத்த கரை இது. அதே கரையில், வேலிக்கு அப்பால் இருந்தவனுக்கு உரிமை கிடைக்க எட்டு நூற்றாண்டு பிடித்தது. தூரத்திலிருந்து வருகிறவனுக்கு விருந்து வைப்பது சுலபம். அவன் அடுத்த வள்ளத்தில் போய்விடுவான். வேலிக்காரன் நாளைக்கும் அங்கேதான் இருப்பான்.

சென்ற முறை போனபோது மத்தியானப் பூசை முடிந்து அன்னதான மண்டபத்தில் இருந்தேன். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கீரை. வாளியோடு வந்த இளைஞரிடம், வருகிறவர்கள் எந்த ஊர் என்று விசாரிப்பதுண்டோ என்று கேட்டேன். "ஏன் ஐயா கேப்பான்? பசியோட கடல் கடந்து வந்ததுகள்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைத் தட்டினார். கரண்டி வாளியில் படும் அந்தச் சத்தம் வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டேயிருந்தது.

என் பக்கத்தில் தெற்கிலிருந்து வந்த ஒரு குடும்பம். வெள்ளை உடுப்பு, விகாரைக்குப் போய்விட்டு இங்கே வந்திருக்கிறார்கள். அந்தத் தாய்க்குத் தமிழ் தெரியாது. சோறு மிஞ்சிப் பருப்பு முடிந்துவிட்டது. கேட்கக் கூச்சப்பட்டு வாளியைப் பார்த்தபடி இருந்தார். இளைஞர் திரும்பி வந்து, "பரிப்பு ஓனெத?" என்றார், சிங்களத்தில். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, யோசித்து, பஸ்ஸிலோ கடையிலோ பொறுக்கியிருக்கக்கூடிய ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்தார்.

"கொஞ்சம்."

அவர் இரண்டு கரண்டி ஊற்றினார்.